கூடம் நிஜமாகவே கோணல்தான்

வீட்டுக்குள் கோல்ஃப் பட்டிங், அதாவது பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் உருட்டிவிடுவது, பழகுவதற்கென்று ஒரு விரிப்பு விற்கிறார்கள். பத்தடி நீளம், பச்சை நிறம், ஒரு முனையில் சின்ன மேடு, மேட்டின் உச்சியில் குழி, ஓரத்தில் பந்து திரும்பி ஓடிவர ஒரு வாய்க்கால். மூன்று மாதமாக அதன் மேல்தான் குடித்தனம் நடத்தினேன். இன்று அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கால் கட்டைவிரல் வலிக்கிறது. அதையும் அதன் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சுருக்கம். குழாய் மாதிரி சுருட்டி அட்டைப் பெட்டிக்குள் அடைத்து அனுப்புகிறார்கள். பிரித்துப் போட்டால் விரிவேனா என்கிறது. நாய் வாலாவது ஒரு பக்கம்தான் சுருளும், இது இரண்டு முனையிலும் சுருண்டது. நடுவில் குறுக்காக மூன்று மடிப்பு வேறு. விற்றவர்களுக்கு எழுதினேன். "இது குறைபாடு அல்ல, கனமான பொருளை மேலே வைத்து இரண்டு நாள் விடவும்" என்றார்கள். டம்பெல், அகராதி, இஸ்திரிப் பெட்டி என்று வீட்டில் கனமாக இருந்த எல்லாவற்றையும் ஏற்றி இரண்டு வாரம் விட்டேன். மறுபடி எழுதினேன். "எதிர்ப்பக்கமாகச் சுருட்டி வைக்கவும்." வைத்தேன். மேடாக இருந்த மடிப்பு பள்ளமாக மாறியது, அவ்வளவுதான். மூன்றாவது முறை எழுதியதற்கு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டுப் பதில் வந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. இங்கே கூடம் நிஜமாகவே கோணல்! கோல்ஃப் பந்து 46 கிராம்கூட இருக்காது. மெதுவாக உருளும்போது அதைத் திசைதிருப்ப ஒரு மடிப்பு போதும். பத்தடி தூரத்தில் மட்டையின் முகம் ஒரே ஒரு டிகிரி திரும்பினாலே பந்து ஏறக்குறைய இரண்டு அங்குலம் விலகிவிடும். குழியின் விட்டமோ நாலேகால் அங்குலம். 1891-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் விதியாக எழுதி வைத்ததிலிருந்து அதுதான் அளவு. நடுவிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளினால் விளிம்புக்கே வந்தாயிற்று. அப்படி ஒரு நுணுக்கமான வேலையைப் பழக, அலையடிக்கிற ஒரு கம்பளத்தைக் கொடுக்கிறார்கள்.

சரி, ஒரு மாதத்தில் அதற்கும் பழகிவிட்டேன். பழகியது நானில்லை, விரிப்பு. திரும்பத் திரும்ப ஒரே கோட்டில் பந்து போனதில் இழை படிந்து தடம் விழுந்துவிட்டது. அப்புறம் எப்படித் தட்டினாலும் பந்து மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி தடத்தைப் பிடித்துக்கொண்டு குழிக்குப் போய்ச் சேர்ந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தேழு! ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பெட்டியின் மேல் அச்சடித்திருந்த பொய்யைச் சொல்லாமல் விட முடியாது. "உண்மையான கிரீனின் வேகம், ஸ்டிம்ப் 14." கிரீன் என்பது மைதானத்தில் குழியைச் சுற்றி ஒட்டக் கத்தரித்த புல்தரை. ஸ்டிம்ப் என்பது எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் வடிவமைத்த கருவியின் அளவு. இன்று புழங்குவது மூன்றடி நீள அலுமினியச் சட்டம். அதில் பந்தை வைத்து மெல்ல உயர்த்தினால் சுமார் 20 டிகிரி சாய்வில் பந்து தானே உருளும். சமதரையில் எத்தனை அடி ஓடி நிற்கிறதோ அதுதான் வேகம். ஒரு பக்கமாக மூன்று, எதிர்ப்பக்கமாக மூன்று உருட்டிச் சராசரி எடுப்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: பத்தடி விரிப்பில் பந்து பதினான்கு அடி ஓடியதை எங்கே வைத்து அளந்தீர்கள்? மிச்ச நாலடிக்குப் பக்கத்து அறைக்குப் போனீர்களா?

இத்தனையையும் மன்னித்துவிடலாம், அந்த மேட்டை மட்டும் மன்னிக்கவே முடியாது. பந்து மேடேற வேண்டுமென்றால் கொஞ்சம் ஓங்கித் தட்டியாக வேண்டும். தட்டித் தட்டிக் கைக்கு அதுவே அளவு என்று பதிந்துவிடுகிறது. நாசாவில் இயற்பியலாளராக இருந்துவிட்டு கோல்ஃபுக்கு வந்த டேவ் பெல்ஸ், பந்து விழாமல் போனாலும் குழியைத் தாண்டிச் சுமார் 17 அங்குலத்தில் நிற்கும் வேகமே சரி என்று சோதித்துச் சொன்னவர். இந்த விரிப்பில் 17 அங்குலம் தாண்டுவதும் எட்டடி தாண்டுவதும் ஒன்றுதான். இரண்டும் பின்பக்கத் தடுப்பில் மோதி, சமர்த்தாக வாய்க்கால் வழியே காலடிக்கு வந்துவிடும். எட்டு வயது மகள் ஒரு நாள் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, குழிக்குள்ள போனாலும் திரும்பி வருது, போகலைன்னாலும் திரும்பி வருது. அப்புறம் குழி எதுக்கு?" விரிப்பை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றாத கேள்வி.

விடை மைதானத்தில் கிடைத்தது. முதல் கிரீன், இருபதடி தூரம், லேசான இறக்கம். மூன்று மாதம் பழகிய கை தன் வேலையைக் காட்டியது. பந்து குழியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏழடி தாண்டிப் போய் நின்றது. அங்கே பின்பக்கத் தடுப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. நானே நடந்து போனேன். திரும்பத் தட்டியது மறுபடி தாண்டியது. பார் என்பது ஒரு சுற்றை முடிக்க இத்தனை அடி என்று வைத்த எண்ணிக்கை. பார் 72 என்றால் அதில் 36 பட்டிங்குக்கென்று வைத்த கணக்கு. விரிப்பு வாங்குவதற்கு முன்னால் எனக்கு 37 ஆகும். அன்றைக்கு 41.

டைகர் உட்ஸ் பழகும் முறை எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். முதல் அடிக்குப் பந்தைத் தாங்க வைக்கும் சின்ன டீக் குச்சிகள் இரண்டைப் புல்லில் குத்தி, அவற்றின் நடுவே மட்டையின் தலை உரசாமல் போய்வருகிறதா என்று பார்ப்பார். முடிந்தது. அந்தக் குச்சிகள் என் பையில் ஒரு கைப்பிடி கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு மேடும் வாய்க்காலும் வைத்த கம்பளத்துக்கு ஆசைப்பட்டேனே!

நேற்று அதே நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல். புது மாடல் வந்திருக்கிறதாம், பழைய வாடிக்கையாளர்களுக்குத் தள்ளுபடியாம். கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: "இனி சுருக்கமே விழாது!"