ஒப்படைப்பது சரி, ஒதுங்குவது?

பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் படிப்புத் திட்டத்தை ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் ஒதுங்கிக்கொள்ளலாம் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. ஒப்படைப்பது சரி, ஒதுங்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அட்டவணை போடுவது எளிது. தனக்கு எது தெரியவில்லை என்று தானே கண்டுபிடிப்பதுதான் கடினம். திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. இந்தப் பழக்கத்தை யாராவது பக்கத்தில் இருந்து காட்டத்தான் வேண்டும். அப்புறம், மதிப்பெண் குறைந்த அன்று "ஏன் படிக்கல?" என்று கேட்காமல், "எப்படிப் படிச்சே, அடுத்த தடவை எதை மாத்தலாம்?" என்று கேளுங்கள். பதிலை அவர்களே யோசித்துச் சொல்லட்டும்.