அந்தியேட்டி முடியும் வரை சட்டம் காத்திருக்காது

"கிணறு இறைக்கச் சென்றவர் மூச்சுத்திணறி மரணம்." யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளைத் தொடர்ந்து வாசிக்கும் எவரும் இப்படியொரு தலைப்பை ஒரு தடவையாவது கடந்திருப்பார்கள். செய்தி நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். ஊரின் பெயர் இருக்கும், வயது இருக்கும், எத்தனை பிள்ளைகளின் தந்தை என்பதும் இருக்கும். மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர் என்ற வழமையான முடிவும் இருக்கும். இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கச் சொன்னவர் யார் என்பது மட்டும் இருக்காது. அடுத்த நாள் பத்திரிகையிலும் இருக்காது.

நான் சட்டத்தரணி இல்லை. ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் நீண்ட காலம் எழுதுவினைஞராக இருந்தவன். கோவையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் "வழக்குப் போடக் காலம் கடந்துவிட்டதே அம்மா" என்று முதலில் சொல்ல வேண்டிய வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆவணி, புரட்டாதியில் நீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். மாரி தொடங்க முன்னர் கிணற்றைக் கலக்கி இறைத்துச் சேற்றை வாரிவிட வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். மேலே நிற்கும் இயந்திரம் ஏறத்தாழ 25 அடிக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சப் பெரிதும் சிரமப்படும். அது இயந்திரத்தின் குறையன்று, வளிமண்டல அமுக்கத்தின் எல்லை. எனவே மண்ணெண்ணெய் இயந்திரத்தையே கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, குறுக்கே போட்ட பலகையில் வைத்து ஓடவிடுகிறார்கள். புகை முழுவதும் கிணற்றுக்குள் தேங்குகிறது. அதற்குள் ஒரு மனிதன் சேறு வாரிக்கொண்டு நிற்கிறான்.

அந்தப் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு (carbon monoxide) என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நிறையும் கிட்டத்தட்டக் காற்றின் நிறைதான். ஆகவே தானாக மேலெழுந்து போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, குமட்டல். வெயிலில் வேலை செய்கிற எவனுக்கும் இவை மூன்றும் புதிதில்லை என்பதால் பொருட்படுத்த மாட்டான். பொருட்படுத்தும் நேரத்தில் ஏணியில் ஏற முழங்காலில் வலு இருக்காது.

விளக்குச் சோதனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை, அதனால்தான் இறங்கினான்" என்று பொலிஸ் வாக்குமூலங்களில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒட்சிசன் குறைந்த பாழ்ங்கிணற்றுக்கு அது ஓரளவு உதவும் சோதனைதான். காபனோரொட்சைட்டுக்கு அது உதவவே உதவாது. காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு இந்த வாயு கலந்திருந்தாலே மனிதன் சில நிமிடங்களில் விழுந்துவிடுவான், விளக்கு எரிந்துகொண்டிருக்கும். விழுந்தவனைத் தூக்க மேலே நின்ற தம்பியோ மைத்துனனோ இறங்குவான். இரண்டாவது சாவு இப்படித்தான் நேர்கிறது.

இனி, பிழைத்துக்கொண்டவர்களின் கதை. இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்க்கக் கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்கருவி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை மாட்டிப் பார்த்து 98 என்று காட்டுகிறது, ஆகவே பயமில்லை என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். ஈமோகுளோபினில் ஏறியிருப்பது ஒட்சிசனா காபனோரொட்சைட்டா என்று அந்தக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. இரத்தத்தை எடுத்து அதற்கென்று உள்ள பரிசோதனையைச் செய்தால்தான் தெரியும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது இரத்தத்திலுள்ள அந்த வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் எடுக்கும். முகமூடி வைத்து முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். சிகிச்சைக்கு அது நல்ல செய்தி. வழக்குக்கு அது சாட்சி கரைகிற வேகம். ஒட்சிசனை ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆனால் சேர்க்கும்போதே "புகைக்குள் இருந்தவர், இரத்தம் எடுத்து வையுங்கள், நேரத்தையும் எழுதுங்கள்" என்று வைத்தியரிடம் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இறந்தவரின் உடலில் நிலைமை நேர்மாறு. மூச்சு நின்ற பிறகு அந்த வாயு வெளியேற வழியில்லை. இரத்தத்தில் அப்படியே தங்கிவிடும். பாடப்புத்தகங்கள் சொல்லும் செந்நிறம் நம்மவரின் கறுத்த தோலில் எளிதில் தெரியாது. நகத்தின் அடியிலும் உதட்டின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். மாதிரி எடுத்து அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பினால் அளவு தெரியும். அனுப்பும்படி கேட்பதற்கு ஆள் வேண்டும்.

நம் வீடுகளில் அந்த ஆள் இருப்பதில்லை. திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து கேட்கிறார். குடும்பத்தின் சார்பில் ஒரு பெரியவர், பெரும்பாலும் சித்தப்பாவோ பெரியப்பாவோ, "எங்களுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை ஐயா" என்று சொல்லிக் கையெழுத்து வைக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உடல் சவச்சாலையில் கிடக்கிறது, ஐயர் நேரம் குறித்திருக்கிறார், வெளிநாட்டுப் பிள்ளைகள் நிமிடத்துக்கு நிமிடம் தொலைபேசியில் கேட்கிறார்கள். ஆனால் அவருடைய மனதில் அந்தக் கேள்விக்குப் பொருள், யாராவது கொலை செய்தார்களா என்பதுதான். கொலை இல்லாவிட்டாலும் கவனக்குறைவு இருக்கலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனக்குறைவான செயலால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்க இடம் தருகிறது. "இயந்திரத்தை உள்ளே வைத்து ஓடவிட்டார்கள், இன்னார் சொல்லித்தான் வைத்தார்கள்" என்ற ஒரு வரியை அந்த வாக்குமூலத்தில் சேர்க்க அரை நிமிடம் போதும். அதனால் செத்தவீடு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காது.

பிறகு எட்டுச் சடங்கு. பிறகு 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம், மதியபோசனம், கல்வெட்டு என்ற நினைவு நூல் வெளியீடு. கல்வெட்டில் காலன் கவர்ந்து சென்றான் என்று வெண்பா அச்சிடுகிறோம். (கிணற்றுக்குச் சொந்தக்காரர் கவர்ந்து சென்றார் என்று எழுத எந்தப் புலவரும் முன்வருவதில்லை.) "அந்தியேட்டி முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்பது நம் ஊரில் மிகவும் கண்ணியமான பேச்சு. அந்தக் கண்ணியத்துக்குள்ளேயே ஒரு காலக்கெடு செத்துப்போகிறது.

பிரதேச சபையின் பொதுக்கிணற்றைத் துப்புரவு செய்ய இறக்கப்பட்டவர், அரச நிறுவனமொன்றின் ஜெனரேற்றர் அறையில் வேலை செய்தவர், இப்படி அரசின் கை இருக்கும் இடத்தில் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை வழி தருகிறது. நம் அரசியலமைப்பில் உயிர் வாழும் உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. பொலிஸ் காவலில் இறந்த ஒருவரின் மனைவி தொடர்ந்த வழக்கில் 2003இல் உயர் நீதிமன்றம் அது உள்ளடங்கியிருப்பதாக ஏற்றது. ஆனால் மனுவுக்குக் காலம் ஒரு மாதம். அந்தியேட்டிக்கு ஐயர் வந்து சேரும்போது அது முடிந்திருக்கும். தப்ப ஒரு வழி உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

தனியாருக்கு எதிராக என்றால் மாவட்ட நீதிமன்றம். இங்கே இரண்டு ஆண்டுகள். 1871ஆம் ஆண்டிலிருந்து வரும் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இரண்டு ஆண்டுகள் நீண்ட காலம் போலத் தோன்றும். ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு யோசிக்கத் தொடங்குகிற குடும்பத்துக்கு அது நீண்ட காலமில்லை. அரசையே பிரதிவாதியாக்குவதானால் ஒரு மாத முன்னறிவித்தல் வேறு கொடுக்க வேண்டும். குறைபாடுள்ள பொருளையோ சேவையையோ விற்றவர்மீது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிட மூன்று மாதம் மட்டுமே.

வேலை செய்யும்போது நேர்ந்ததென்றால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் சிறப்பு, முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின் காரணமாக வேலை நேரத்தில் நடந்தது என்பது போதும்.

"அவனே விரும்பித்தானே இறங்கினான்" என்று எதிர்த்தரப்பு நிச்சயமாகச் சொல்லும். ஊரும் சொல்லும். பாதிக்கப்பட்டவரிடமும் ஒரு பங்கு தவறு இருந்தால் நட்டஈட்டை அந்த அளவுக்குக் குறைக்கலாமே தவிர, அதற்காகவே வழக்கை முழுவதும் தள்ளிவிட முடியாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதற்காகவே வந்தது. நாட்கூலிக்கு வந்தவனுக்கும் கூலி கொடுப்பவருக்கும் இடையில் "விரும்பி" என்பதற்கு எவ்வளவு இடமிருக்கிறது என்பதையும் நீதிமன்றத்தில் கேட்கத்தான் வேண்டும்.

2001இல் உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு சிறுமியின் மரணம் பற்றிய வழக்கு, இப்படிப்பட்ட எல்லா வழக்குகளுக்கும் பாடம். அது வைத்தியக் கவனக்குறைவு வழக்கு. கவனக்குறைவு இருந்தது என்று நீதிமன்றம் கண்டது. அந்தக் கவனக்குறைவுதான் மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று வழக்குத் தோற்றது. இரத்தப் பரிசோதனைக்காக நான் இவ்வளவு கத்துவது இதனால்தான். பிள்ளையை இழந்த துயருக்கு ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் நமது ரோமன் டச்சுச் சட்டத்தில் நட்டஈடு கிடையாது, பண இழப்புக்கு மட்டுமே உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. உழைக்காத பிள்ளையின் உயிருக்குச் சட்டத்தில் விலையே இல்லை என்ற நிலை அது. 2019இல் நாடாளுமன்றம் மரணத்துக்கான நட்டஈடு பற்றித் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி இந்த அநியாயத்தைத் திருத்தியது. இன்னும் பலருக்கு இது தெரியாது.

எனக்கு நேரே தெரிந்த ஒரு விவகாரம் வலிகாமத்தில் நடந்தது. கிணறு வெளிநாட்டில் இருப்பவருடையது. பொறுப்பு ஊரில் இருக்கும் உறவினருடையது. வேலைக்கு வந்த இருவரில் ஒருவர் பிழைத்தார். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு தொகை பேசி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கினார்கள். அவர் அப்போது நன்றாக நடந்து திரிந்தார். சில வாரங்கள் கழித்துப் பெயர்கள் மறக்கத் தொடங்கின, கை நடுங்கியது, காரணமில்லாமல் மனைவியோடு சண்டை. காபனோரொட்சைட்டு இப்படியும் செய்யும். மூளைக்கு நேர்ந்த சேதம் நாள்கள், வாரங்கள் கடந்து வெளியே வருவது வைத்தியத்தில் நன்கு அறியப்பட்டது. மனைவி அந்தக் கடதாசியின் பிரதியோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அதை எதிர்த்துப் பேச முடியாது என்றில்லை. ஆனால் கையெழுத்து இல்லாமல் பேசுவதற்கும் கையெழுத்தோடு பேசுவதற்கும் உள்ள தூரம் அதிகம். சமரசம் கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு, மூன்று மாதம் போகட்டும், நரம்பியல் வைத்தியர் பார்க்கட்டும், பிறகு தொகை பேசுங்கள்.

கிணற்றைப் பற்றியே பேசிவிட்டேன். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய ஜெனரேற்றர்கள் இன்னும் கடைகளின் பின்னறையிலும் விடுதிகளின் படிக்கட்டுக்குக் கீழும் இருக்கின்றன. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வாய் வெளிப்புறம் பார்க்க வைக்க வேண்டும் என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழுவின் அறிவுரை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் மாணவருக்கு அறை வாடகைக்கு விடுகிற எத்தனை பேர் அதைக் கடைப்பிடிக்கிறார்கள்? வாடகைக்கு விடுபவர் குடியிருக்கத் தகுந்த இடத்தைத்தான் விட வேண்டும்; மூடிய வளவுக்குள் ஜெனரேற்றரை ஓடவிட்டு அறைக்குப் புகை போனால் பொறுப்பு அவருடையது.

கிணறும் வீடும் வைத்திருக்கும் வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் 2014இலிருந்து எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு 2015இல் வந்த விதியை 2022இல் இன்னும் விரித்தார்கள். அங்கே குடியிருப்பாளருக்குக் கருவி பூட்டிக் கொடுக்கிறவர், இங்கே "மெசினை உள்ளே இறக்கி இறைத்துவிடு, செலவு குறைவு" என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். அந்தக் குரல் பதிவும் ஒரு சாட்சி. அழிக்க வேண்டாம் என்று வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

பணமில்லை என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்டத்தரணியை ஒழுங்கு செய்து தருவார்கள். போகும்போது மரணச் சான்றிதழ், வைத்தியசாலை அட்டை, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், இயந்திரம் நின்ற இடத்தின் படம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் யாரிடம், எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். செத்தவீட்டுத் துடக்கு என்பதற்காக அந்த அலுவலகத்தில் யாரும் உங்களை வெளியே நிறுத்தப் போவதில்லை.