மண் குதிரையும் விலங்குக் கலைதான்
விலங்குகளை மட்டும் வரைந்து பெயர் வாங்கிய கலைஞர்கள் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில்தான் தோன்றினார்கள் என்று விலங்கு ஓவியர்களைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அரசவையில் இருந்த ஓவியர் மன்சூர் 1621-லேயே வரிக்குதிரையை அச்சு அசலாக வரைந்துவிட்டார். குதிரை ஓவியங்களுக்குப் பெயர்போன ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் பிறந்ததே 1724-ல்தான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், ஸ்டப்ஸ் மாதிரி குதிரையை அறுத்துப் பார்க்காதவனுக்கு உருவம் பிடிபடாது, நம் ஊர் மண் குதிரையெல்லாம் வெறும் பொம்மை என்கிறார். சரி, அதே ஸ்டப்ஸ் கங்காருவை வரைந்தது எப்படி? உயிரோடு ஒன்றைக்கூடப் பார்க்காமல், கப்பலில் வந்த தோலை வைத்துத்தான்! காருகுறிச்சிப் பக்கம் எங்கள் சாஸ்தா கோயிலுக்குக் மண் குதிரை செய்த வேளார் (குயவர்) தாத்தாவிடம், சிறுவனாக இருந்தபோது, "கால் ஏன் தாத்தா யானைக்கால் மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். "வயித்துப் பாரத்த நீயா வந்து தாங்குவ?" என்றார். மண்ணோடு மணலும் உமியும் மிதித்துப் பிசைந்து, முதலில் நான்கு கால், அவை இறுகிய பிறகுதான் வயிறு, அப்புறம் கழுத்து, கடைசியில் தலை. உள்ளே கூடு, அங்கங்கே ஓட்டை. இல்லையென்றால் சூளையில் வெடித்துவிடும். கால் தடித்தது கை தெரியாததால் இல்லை. ஆனால் அந்த விடைத்த மூக்கும் பிதுங்கிய கண்ணும் இருக்கிறதே, ஜட்கா வண்டிக் குதிரையைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அது வரும். மன்சூர் பெயரை அரண்மனை எழுதி வைத்தது, தாத்தாவுடையதை யாரும் எழுதவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.