டிக்கெட் வாங்கினால் போதாதா?

ரோமில் படிக்கிற பிள்ளைகள் ஒரு நாள் லீவு கிடைத்தால் ஓர்வியேட்டோ என்ற பாறைமேல் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ரீஜனல் ரயிலில், அதாவது பக்கத்து ஊர்களுக்கு ஓடும் சாதாரண ரயிலில், ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஊர் அருமை. எரிச்சலைக் கிளப்புவது காகித டிக்கெட்தான். காசு கொடுத்து வாங்கியும் அது செல்லாது! ஏறுமுன் நடைமேடைப் பக்கம் இருக்கிற சின்ன இயந்திரத்தில் செருகி, தேதியும் நேரமும் அச்சாக வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். புதிதாக வந்த மாணவருக்கு இது எப்படித் தெரியும்? டிக்கெட் கையில் இருக்கிறவரைத் திருடனாக நடத்துவது அநியாயம்.

மை தீர்ந்த இயந்திரமும் உண்டு. செருகினால் 'டக்' என்று சத்தம் வரும், எழுத்து விழாது. அதனால் எடுத்துப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் வேறு இயந்திரம் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் பேனாவால் தேதி, நேரம், நிலையத்தின் பெயர் எழுதி, ரயில் கிளம்புமுன் கண்டக்டரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் வரட்டும் என்று உட்கார்ந்தால் வம்புதான். மொபைல் டிக்கெட்டுக்கும் விடுதலை இல்லை, போனிலேயே 'செக்-இன்' பொத்தானை அழுத்த வேண்டும்.

இறங்கினால் நிலையம் கீழே, ஊர் பாறை உச்சியில். எதிரிலேயே கேபிள் ரயில். 1290-இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தை முதலில் பாருங்கள். 248 படி இறங்கி ஏறும் சான் பத்ரிட்சியோ கிணறு கேபிள் ரயிலின் மேல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், திரும்பும்போது பார்க்கலாம். திரும்பும் டிக்கெட்டுக்கும் முத்திரை தனி.