உண்மை விளக்கம்: பைக்கின் சாய்வை முடுக்கமானி மட்டும் சொல்லிவிடாது

"ரேஸ் டிராக்கில் பைக் எத்தனை டிகிரி சாய்கிறது என்பதைச் செல்போனின் முடுக்கமானி ஒன்றே துல்லியமாகக் காட்டிவிடும்" என்ற செய்தி நெல்லை, பாளையங்கோட்டை இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. முடுக்கமானி (accelerometer) என்பது போனுக்குள் இருக்கும், புவியீர்ப்பையும் அசைவின் விசையையும் சேர்த்தே உணரும் சிறு கருவி.

நின்றிருக்கும் பைக்கைச் சாய்த்தால் முடுக்கமானி சரியாகவே காட்டும். குழப்பம் வளைவில்தான். சீரான வேகத்தில் திரும்பும்போது புவியீர்ப்பும் வளைவின் பக்கவாட்டு விசையும் சேர்ந்து, பைக் சாய்ந்திருக்கும் திசையிலேயே, ஏறக்குறைய இருக்கையிலிருந்து சக்கரங்களை நோக்கி அழுத்துகின்றன. வண்டியில் கட்டிய பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தால், அது ஒரு பக்கமாகச் சரியாமல் பாட்டிலின் அடிக்கு இணையாகவே நிற்கும். முடுக்கமானிக்கும் அதே நிலைதான். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போனால் சாய்வு சுமார் 45 டிகிரி. முடுக்கமானியோ பைக் நிமிர்ந்து நிற்பதாகவே நினைக்கும். எடை மட்டும் 1.4 மடங்கு கூடியதாகச் சொல்லும்.

அதனால்தான் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை போன்ற ஓடுதளங்களில் ஓட்டுபவர்கள் சுழலும் வேகத்தை அளக்கும் சுழல்மானி (gyroscope), ஜிபிஎஸ் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் கருவிகளை நாடுகிறார்கள். சுழல்மானியும் தனியாகப் போதாது; அதன் சிறு பிழை நொடிக்கு நொடி சேர்ந்து பெரிதாகும்.

பல செல்போன்களிலும் முடுக்கமானி, சுழல்மானி, ஜிபிஎஸ் மூன்றும் உண்டு. நல்ல செயலி அவற்றை இணைத்தால் ஓரளவு நம்பலாம். ஆனால் போனை வண்டியின் சட்டத்தோடு அசையாமல் பொருத்த வேண்டும். சட்டைப் பையில் கிடக்கும் போன் பதிவு செய்வது ஓட்டுபவரின் உடல் அசைவை. அதைக் காட்டி மாஞ்சோலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பந்தயம் கட்டுவது உயிரோடு விளையாடுவது.