தாஹர் ஜாவுத்தைக் கடைசி நாவலிலிருந்து தொடங்காதீர்கள்

அல்ஜீரிய எழுத்தாளர் தாஹர் ஜாவுத் என்று பேச்சு வந்தாலே 1993 மே 26தான் முதலில் வருகிறது. அல்ஜியர்ஸ் நகரின் மேற்கே பைனெம் பகுதியில், வீட்டுக்கு வெளியே காரில் இருந்தவரைச் சுட்டார்கள். ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்து ஜூன் 2 அன்று இறந்தார். வயது 39. மௌனத்தைப் பற்றி அவர் பெயரில் உலவும் மேற்கோள் ஒன்றையும் சேர்த்துப் பகிர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. சாவை நினைவில் வைத்துக்கொண்டு நாவல்களைக் கைவிட்டுவிட்டோம்.

படிக்க வருகிறவர்களும் பெரும்பாலும் 'பகுத்தறிவின் கடைசிக் கோடை'யைத்தான் முதலில் எடுக்கிறார்கள். மதவெறி ஆட்சியில் தனித்துப்போகும் புத்தகக் கடைக்காரர் பொவாலெம் யெக்கெரின் கதை. ஆங்கிலப் பதிப்புக்கு நோபல் பரிசு பெற்ற நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்கா முன்னுரை எழுதியிருக்கிறார். ஆனால் அது ஜாவுத் இறந்தபின் அவர் தாள்களுக்கிடையே கிடைத்து 1999இல் அச்சேறிய கைப்பிரதி. அவரே திருத்தி அச்சுக்குக் கொடுத்ததல்ல. அதில் தொடங்கினால் பாத்திரங்களைவிடக் கருத்துதான் தூக்கலாகத் தெரியும். 'இவர் கட்டுரையாளர்தான், நாவலாசிரியர் அல்ல' என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். 1981இல் வந்த முதல் நாவலும் வேண்டாம். சோதனை முயற்சி, பிடிபடாது.

தொடங்க வேண்டியது 'எலும்பு தேடுவோர்' (1984). நாடு பிரான்ஸிடமிருந்து போராடி விடுதலை பெற்றுவிட்டது. மலைக் கிராமத்துச் சிறுவன் ஒருவன், உறவுக்காரப் பெரியவரோடும் ஒரு கழுதையோடும், போரில் செத்த அண்ணனின் எலும்புகளைத் தேடிக் கிளம்புகிறான். எல்லாக் குடும்பங்களும் இப்படித்தான் தேடி அலைகின்றன. எலும்பு வந்தால்தான் ஊரில் மரியாதை. துக்கம் மெல்ல மெல்லச் சான்றிதழாக மாறுவதைச் சிறுவனின் கண் வழியாகக் காட்டுகிறார். குரலை உயர்த்தவே மாட்டார்.

அடுத்து 'கண்காணிப்போர்' (1991). என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த நாவல் இதுதான். மஹ்ஃபூத் லெம்ஜாத் என்ற இளம் ஆசிரியர் பழைய தறியை மேம்படுத்தி ஒரு கருவி செய்கிறார். அதைப் பதிவு செய்யப் போனால் அலுவலகம் அலுவலகமாக அலையவிடுகிறார்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடக்கும் கண்காட்சிக்குப் போக பாஸ்போர்ட் கேட்டால் போலீஸ் சந்தேகப்படுகிறது. இரவில் அவர் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்துப் புகார் சொன்னவர் மெனுவார் ஸியாதா என்ற வயதான முன்னாள் விடுதலைப் போராளி. ஹைடல்பெர்க்கில் கருவிக்குப் பரிசு கிடைத்துவிடுகிறது. இப்போது தொல்லை கொடுத்தவர்களுக்குப் பலியாடு ஒன்று வேண்டும். கிழவர் ஸியாதாவையே பலியாக்குகிறார்கள். தற்கொலைதான் அவருக்கு விடும் வழி. இங்கே எதிரி மதவாதி அல்ல, விடுதலைப் போரைத் தன் சொத்தாக்கிக்கொண்ட ஆட்சி. ஜாவுத்தை மதவாத எதிர்ப்பாளராக மட்டும் பார்ப்பவர்கள் இந்த நாவலைத் தவறவிட்டவர்கள்.

பத்திரிகை வேலையையும் தனியாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். கபிலியா பகுதியில் அஸெஃபூன் பக்கம் பிறந்தவர், பெர்பர் மொழிகளில் ஒன்றான கபிலி தாய்மொழி, எழுதியது பிரெஞ்சில், பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதம். 'அல்ஜெரி-அக்துவாலிதே' வாரஇதழில் ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதினார். மூத்த நாவலாசிரியர் மூலூத் மம்மெரியுடன் அவர் நடத்திய உரையாடல் 1987இல் நூலாக வந்தது. அல்ஜீரியாவில் 1990இல் வந்த சட்டம் தனியார் பத்திரிகைகளுக்கு வழிவிட்டது. 1993 ஜனவரியில் நண்பர்கள் இருவரோடு 'ரூப்துர்' என்ற வாரஇதழைத் தொடங்கினார். சுடப்பட்டபோது அதற்கு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கொலையின் உண்மையைக் கண்டறிய அமைந்த குழுவில் இருந்த மனநல மருத்துவர் மஹ்ஃபூத் பூஸெப்சியும் ஜூன் 15 அன்று கொல்லப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அல்ஜீரியப் பத்திரிகையாளர்களுக்கு இதே கதிதான்.

இந்த இரண்டு நாவல்களையும் முடித்துவிட்டுக் கடைசி நாவலுக்கு வாருங்கள். அதில் ஊரை மிரட்டுகிறவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'விழிப்புச் சகோதரர்கள்'. பிரெஞ்சு மூலத்தில் 1991 நாவலின் தலைப்பும் இந்தப் பெயரும் ஒரே வேர்ச்சொல். அங்கே ஆட்சிக்காகப் பக்கத்து வீட்டு விளக்கை வேவு பார்த்த அதே கண்கள்தான், இங்கே கடவுளின் பெயரால் யெக்கெரின் புத்தக அலமாரியைப் பார்க்கின்றன.