திறப்பை வையுங்கள், போனை எடுங்கள்

வலிப்பு வந்தவரின் கையில் திறப்புக் கோர்வையைத் திணிக்கும் பழக்கம் திருகோணமலையில் இன்னும் போகவில்லை. போன மாதம் பஸ் நிலையத்தில், மூதூர் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெடியன் விழுந்து கை கால் இழுத்தது. ஒருவர் மோட்டார் சைக்கிள் திறப்பை அவன் விரல்களுக்குள் வைத்து அழுத்தினார். இன்னொருவர் பல்லுக்கிடையில் வைக்கக் கரண்டி கேட்டுத் தேநீர்க் கடைக்கு ஓடினார். மரக்கறிப் பையோடு நின்ற ஒரு வயதான அம்மாதான் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துவாயை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்தார். வாயில் தேங்கிய எச்சில் வழிந்து வெளியே போனது.

கரண்டி வந்து சேர முதல் இழுப்பு நின்றுவிட்டது. "பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நிண்டிட்டுது" என்றார் திறப்புக்காரர். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே அடங்கும். நாம் திறப்பைத் தேடி எடுப்பதற்குள் பாதி முடிந்திருக்கும், பெயர் இரும்புக்குப் போய்விடும். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். பல் உடையும், மூச்சும் அடைக்கும்.

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்பால் இயங்குகின்றன. ஒரு கூட்டம் அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் துடித்தால் அதுதான் வலிப்பு. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற வைத்தியர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். 1929இல் அதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. இன்று நாம் எடுக்கும் ஈஈஜி என்ற மூளை மின்னலைப் பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் ஈஈஜி சாதாரணமாகவே வரலாம். "ரிப்போட் நல்லம், வருத்தம் இல்லை" என்று முடிவு கட்டி வீட்டுக்கு வருகிறார்கள். வைத்தியருக்கு உண்மையில் தேவை, வலிப்பு வந்த நேரத்தில் என்ன நடந்தது என்ற விபரம். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரம் நீடித்தது? பதற்றத்தில் நின்ற தாய்க்கு இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும்? அதனால்தான் சொல்கிறேன், ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் போனில் வீடியோ எடுங்கள். நரம்பியல் நிபுணருக்கு அதைப்போல உதவுவது குறைவு.

மூளைக்குள் சிப் வைக்கும் செய்திகளை எல்லாரும் பகிர்கிறோம். நல்லதுதான். ஆனால் பீனோபார்பிட்டோன் என்ற மருந்து வலிப்பைக் கட்டுப்படுத்தும் என்று கண்டது 1912இல், அது இன்றும் கொடுக்கப்படுகிறது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருக்க, கல்யாணப் பேச்சு வந்ததும் மகளின் குளிசைப் பெட்டியை ஒளித்து வைக்கும் வீடுகளைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிகிறது. குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். சில குளிசைகள் கர்ப்பத்தில் பிள்ளையைப் பாதிக்கும் என்பதால் கல்யாணத்துக்கு முன்பே வைத்தியரோடு பேச வேண்டியவள் அவள். ஒளித்து வைத்தால் எப்படிப் பேசுவாள்?

பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், நூலும் கட்டுங்கள். குளிசையை மட்டும் விடாதீர்கள். அப்புறம், எடுத்த வீடியோவை வைத்தியருக்கு மட்டும் காட்டுங்கள், குடும்ப வட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.